மாப்பு அண்ணாச்சி

அண்ணாச்சி என்னை முதன்முதலில் மன்னித்தது நான் கடை திறந்த ஐந்தாம் நாள்.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆட்டோ நுழைந்தால் ஆள் ஒதுங்கவேண்டும், ஆடு படுத்திருந்தால் ஆட்டோ நிற்கவேண்டும், அவ்வளவுதான் அகலம். அதில் ஒரு பக்கம் என் ஜெராக்ஸ் கடை. ஒட்டினாற்போல் அண்ணாச்சியின் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. எதிரே சேட்டனின் சாயாக்கடை. அன்று நான் யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி காதில் செருகிய ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒங்கள நான் மன்னிச்சிட்டேன்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அத விடுங்க. மன்னிச்சாச்சுல்லா? மன்னிச்சத மறுபடியும் எடுத்துப் பேசப்பிடாது. அப்புறம் அது மன்னிப்பே இல்ல."

போய்விட்டார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் பெயர்ப்பலகையின் ஆணி அவர் சுவரில் ஏறிவிட்டதோ என்று பலகையை நகர்த்தினேன். மெஷின் சூடு அந்தப் பக்கம் போகிறதோ என்று மெஷினைத் திருப்பிப் போட்டேன். வாசலில் தண்ணீர் தெளிப்பதைக் குறைத்தேன். போன் மணியைத் தணித்தேன். என்ன தப்பு செய்தேன் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் ஒரே வாரத்தில் அந்தச் சந்தில் என்னைவிட ஒழுங்கான கடைக்காரி இல்லை என்றாகிவிட்டது.

மலையாளத்தில் மன்னிப்புக்கு மாப்பு என்று பெயர். அதனால் அவர் மாப்பு அண்ணாச்சி. கோயம்புத்தூரிலிருந்து வந்த என் கொழுந்தன், ஏதோ மாப்பிள்ளை முறுக்குள்ள ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் அவரிடம் பயந்து பேசினான்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கொச்சிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல். பள்ளுருத்தியில் வீடு. முன்பெல்லாம் பொல்லாத கோபக்காரராம். கையில் இருக்கிறது பறக்குமாம். ஒருமுறை சர்ச்சிலிருந்து மூன்று நாள் தியானத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் உண்மையான கிறிஸ்தவனாக வாழ்வது என்று முடிவெடுத்துவிட்டார்.

"பேருக்குக் கிறிஸ்தவன் ஒண்ணு, ஞாயித்துக்கெழமைக் கிறிஸ்தவன் ஒண்ணு, உண்மையான கிறிஸ்தவன் ஒண்ணு" என்பார். "மொத ரெண்டும் நான் இருந்து பாத்துட்டேன் தங்கச்சி. அதுல ஒண்ணுமில்ல."

மூன்றாவது வகைக்கு அவர் கண்டுபிடித்த வழி மன்னிப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போய் நிற்கும்போது மனசில் யார்மேலும் ஒன்றும் இருக்கக்கூடாது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, கை கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையில் மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டு, சந்து முழுக்க ஒரு சுற்று. மீன்காரர், தையல்காரர், சேட்டன், நான். "மன்னிச்சிட்டேன்." அடுத்த ஆள். "மன்னிச்சிட்டேன்."

ஒருநாள் சேட்டனை மன்னித்தார். சேட்டன் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சி, சத்தியமாயிட்டு நேத்து ஒரு நாள் மட்டும்தான். தூள் தீர்ந்துபோச்சு. அதுகொண்டு பழைய தூள்ல ரெண்டாம் தடவ வெள்ளம் ஊத்தினேன்."

சாயா குடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கிளாஸுக்குள் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கே அது புதுச் செய்தி. சேட்டனின் ரேடியோ சத்தத்தை மன்னிக்கத்தான் அவர் வந்திருந்தார். இந்த ரகசியம் அண்ணாச்சியின் மனைவி மூலமாகப் பிறகு வெளியே வந்தது.

இன்னொருநாள், மட்டாஞ்சேரி அரண்மனை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் வழி தவறிச் சந்துக்குள் வந்துவிட்டார். அண்ணாச்சி ஒரு மிக்ஸியைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க, அவர் சரியாக வெளிச்சத்தை மறைத்து நின்று போட்டோ எடுத்தார். கொஞ்சநேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி எழுந்தார். "சார், ஐ ஃபர்கிவ் யூ" என்றார். வெள்ளைக்காரர் திகைத்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் நாட்டுக்காரர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இந்தக் கரையில் செய்ததற்கெல்லாம் தான் வெட்கப்படுவதாகச் சொல்லி அண்ணாச்சியின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"சரி, அதையும் சேத்து மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க. இப்ப கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் மதியம் பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் சோற்றுத்தூக்கோடு வருவார். வீட்டிலும் இப்படித்தானா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன் கேக்கே? ஒரு நாளைக்கு மூணு தடவ மன்னிக்காக. உப்பு கூடினா ஒண்ணு. கொறஞ்சா ஒண்ணு. சரியா இருந்தா நேத்தைக்கு உள்ளதுக்கு ஒண்ணு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மன்னிக்கட்டும். முந்தியெல்லாம் தட்டு பறக்கும். இப்ப பாத்திரமாவது நெளியாம இருக்கு" என்றார்.

அண்ணாச்சியின் மன்னிப்பு ஒன்றும் செய்யாத ஒரே ஆள் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா. நாங்கள் ராவுத்தர்கள், பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் பாத்திர வியாபாரம் செய்தவர் அத்தா. வியாபாரத்தை விட்டபிறகு, என் கடைக்குக் காவல் என்ற பெயரில் தினமும் வந்து அண்ணாச்சியின் கடையில் உட்கார்ந்திருப்பார். பதினொரு மணிக்கு இரண்டு பேரும் சேட்டன் கடை பெஞ்சில் ஆளுக்கொரு சாயா, ஆளுக்கொரு பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. அண்ணாச்சி மன்னித்தால் அத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் பழம்பொரியிலிருந்து எண்ணெயைப் பிழிவார். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணாச்சிக்கு அதில் ஒரு மனக்குறை இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மீட்டர் காணாமல் போனது.

கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் மீட்டர். முள் வைத்த பழைய மாடல், தோல் உறை போட்டது. அண்ணாச்சிக்கு அது இன்னொரு கை மாதிரி. இரண்டு நாள் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். கடைசியாக அதைப் பார்த்த சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தது அத்தா மட்டும்தான்.

மூன்றாம் நாள் பதினொரு மணி. பெஞ்சில் ஆட்கள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"பாய், ஒங்கள நான் மன்னிச்சிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். பழம்பொரி எடு, ஆறுது."

வழக்கமாக அதோடு முடியும். அன்று அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய மன்னிப்பைப் பழம்பொரியோடு சேர்த்து விழுங்கிவிட்டாரே என்று இருந்திருக்கும். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"மீட்டர் விஷயமா சொல்லுதேன்."

அத்தாவின் கை நின்றது. "எந்த மீட்டர்?"

"எங்க இருந்தாலும் இருக்கட்டும் பாய். நான் கேக்க மாட்டேன்."

"நான் எடுத்தேன்னா சொல்றே?"

"எடுத்தாலும் மன்னிச்சாச்சு."

"எடுக்கலேன்னா?"

அண்ணாச்சி அதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "எடுக்கலேன்னாலும் மன்னிச்சாச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தா கிளாஸைக் கீழே வைத்தார். பாதிச் சாயா மிச்சம். என் அத்தா சாயாவை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும். மூன்றாவது நாள் மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அத்தா தன் அலமாரி முழுவதையும் கட்டிலில் கொட்டி வைத்திருந்தார். சட்டைப் பைகளையெல்லாம் வெளியே இழுத்து விட்டிருந்தார். குடையைக்கூட விரித்து உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க அத்தா?"

"வயசாச்சுல்ல மோளே. மறதியா எடுத்துப் போட்டிருப்பேனோன்னு."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அடுத்தவர் ஜவுளிக்கடைப் பையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன், எழுபத்திரண்டு வயதில் தன் பையைத் தானே சோதனை போட்டுக்கொண்டிருந்தார்.

மீட்டர் எட்டாம் நாள் கிடைத்தது. இடப்பள்ளியில் ஃபிளாட்டில் இருக்கும் ஒரு அம்மா, ரிப்பேர் செய்து கொண்டுபோன கிரைண்டரைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓடும்போது உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறதாம், வேலைக்கு வரும் பெண், உள்ளே பேய் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டாளாம். அண்ணாச்சி அடிமூடியைக் கழற்றினார். தோல் உறையோடு மீட்டர் உள்ளே உட்கார்ந்திருந்தது. அவரே உள்ளே வைத்து, அவரே ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறார். ஒரு வாரமாக அது இட்லி மாவோடு சேர்ந்து சுற்றியிருக்கிறது.

அந்த அம்மா எட்டிப் பார்த்து, "இது எந்தா? கிரைண்டரின்டெ பார்ட்டாணோ?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி மன்னிப்புக் கேட்கவேண்டும். சந்தில் எல்லாருக்கும் அது தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷனுக்குக் கேட்க வரவில்லை. அத்தனை வருஷம் கொடுத்துக் கொடுத்துப் பழகிய வாய்.

முதலில் நேரில் முயன்றார். நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தா கதவைத் திறந்தார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டார். அது தப்பாகிவிட்டது, கையைக் கட்டியதும் வாய் தன் வழியில் போய்விட்டது.

"பாய், ஒங்கள நான் மன்னிச்..."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அத்தாவின் குரல் மட்டும் கேட்டது. "மோளே, இந்தாளு என்னை மறுபடியும் மன்னிக்க வந்திருக்கான்!"

அடுத்து கடிதம். என் கடையில் டைப் அடிக்க உட்கார்ந்தோம். எனக்கு மலையாளம் அளவுக்குத் தமிழ் டைப் வராது, எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டவேண்டும். அண்ணாச்சி நின்றுகொண்டே சொன்னார்.

"மரியாதைக்குரிய பாய் அவர்களுக்கு. நடந்ததை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "அண்ணாச்சி, இதுல மாப்பு கேக்கறது எங்கே இருக்கு?"

"வருது தங்கச்சி. அடுத்த பாராவுல வருது."

அடுத்த பாராவில் கிரைண்டர் செய்கிற கம்பெனிக்காரர்கள் அடிமூடியை அவ்வளவு ஆழமாக வைப்பது சரியில்லை என்று வந்தது. அதற்கு அடுத்த பாராவில் அவர்களையும் மன்னித்தார். தாளைக் கிழித்தோம். மூன்று தாள் கிழித்தோம்.

சனிக்கிழமை சர்ச்சுக்குப் போய்ப் பாதிரியாரிடம் தன் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. மனைவி சோற்றுத்தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"அங்க சொல்லியாச்சு. அதோட தீந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

அக்கா தூக்கின் மூடியைப் பட்டென்று வைத்தார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க, கடவுளயா திருடன்னு சொன்னிய? பாயத்தான சொன்னிய? பாய்ட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்ல வரல ட்டீ."

"அப்ப இத்தன வருஷம் ஊர் பூராவும் மன்னிச்சியளே, அவங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்? உண்மையான கிறிஸ்தவன்னா மன்னிக்கிறவன் மட்டுந்தான்னு ஒங்களுக்கு எவன் சொன்னான்? பத்துப் பேருக்கு முன்னால வச்சுச் சொன்னியல்லா, பத்துப் பேருக்கு முன்னால வச்சுக் கேளுங்க."

அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை. சாப்பாட்டையும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை பேங்க்குக்குப் போகவேண்டும், கடையில் உட்கார ஆள் வேண்டும் என்று சொல்லி அத்தாவை வரவழைத்தேன். பதினொரு மணிக்கு நான் பேங்க்குக்குப் போகவில்லை. அத்தா என் கடை நாற்காலியில். எதிரே சாயாக்கடை பெஞ்சில் வழக்கமான ஆட்கள். அண்ணாச்சி மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சந்தின் நடுவில் நின்றார்.

"பாய்" என்றார்.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது.

"பாய், நான் பண்ணுனது..."

ஹாரன்.

"என்னது? கேக்கல" என்றார் அத்தா.

"தப்பு!" அண்ணாச்சி கத்தினார். "நான் பண்ணுனது தப்பு! நீங்க எடுக்கல! நானே கிரைண்டருக்குள்ள வச்சு மூடிட்டேன்! ஒங்கள வாய் கூசாமச் சொல்லிட்டேன்! என்னை..."

ஹாரன்.

"என்னை மன்னிக்கணும்!"

"மாப்பு பறஞ்ஞல்லோ, இனி வழி விடு அண்ணாச்சி!" என்று ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொள்ள, கிரீஸ் முகத்தில் ஏறியது. அத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கேட்டுது" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."

பதினொரு நாள் யோசித்தார். என் அத்தாவுக்குள் இவ்வளவு குறும்பு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் வந்து என் கடையில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொள்வார். பக்கத்துக் கடையில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்று நின்று கேட்கும். அண்ணாச்சி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

"தங்கச்சி, பாய் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல அண்ணாச்சி."

"முகம் எப்பிடி இருக்கு?"

"பேப்பர் மறைக்குது."

அந்த நாட்களில் அவர் யாரையும் மன்னிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கைகூடக் கழுவவில்லை. சேட்டனுக்கு அது இன்னும் பயமாகிவிட்டது. அண்ணாச்சிக்குத் தன்மேல் என்ன கோபம் என்று என்னிடம் வந்து விசாரித்தார்.

"இது ரொம்பக் கஷ்டமா இருக்கு தங்கச்சி" என்றார் அண்ணாச்சி ஒருநாள். "மன்னிக்கறது எவ்வளவோ சுளுவு."

நான் வீட்டில் அத்தாவிடம் சண்டை போட்டேன். போதும், பாவம் என்றேன். அத்தா மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நான் மூணு நாள் என் சட்டைப் பையத் தேடினேன் மோளே. அவனும் கொஞ்சம் தேடட்டும்."

பன்னிரண்டாம் நாள் பதினொரு மணிக்கு அத்தா எழுந்து, எதிரே போய், பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார். "சேட்டா, ரெண்டு சாயா" என்றார். பிறகு அண்ணாச்சியின் கடைப்பக்கம் பார்க்காமலே, "உக்காரு" என்றார்.

அண்ணாச்சி ஓடிவந்தார். உட்காரவில்லை. "அப்ப மன்னிச்சிட்டியளா பாய்?"

"உக்காருன்னு சொன்னேன்ல."

"வாயால ஒரு வார்த்த சொல்லீட்டா..."

"வாயால சொல்றது உன் வழக்கம். எனக்கு அதில்ல. சாயா ஆறுது."

அண்ணாச்சி உட்கார்ந்தார். இரண்டு பேரும் பழம்பொரி தின்றார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. சனிக்கிழமைச் சுற்று மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க. மீன்காரரிடம் போய், "போன மாசம் ஒங்கள மனசுக்குள்ள திட்டிட்டேன், மன்னிக்கணும்" என்றார். என்ன சொல்லித் திட்டினீர்கள் என்று அவர் கேட்க, உண்மையான கிறிஸ்தவன் பொய் சொல்லக்கூடாதே, அப்படியே சொல்லிவிட்டார். இரண்டு பேரையும் பிரிக்க நான் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடவேண்டியிருந்தது. என்னிடமும் வந்தார். எனக்கு விவரம் வேண்டாம், மொத்தமாக மன்னித்துவிட்டேன் என்று கும்பிட்டு அனுப்பினேன்.

அத்தா இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். காய்ச்சல், நாலே நாள். வீட்டு முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். சந்துக்காரர்கள் எல்லாரும் குடையோடு நின்றார்கள். அத்தாவைத் தூக்குவதற்கு முன் பள்ளிவாசல் உஸ்தாத் வாசலில் நின்று, எங்கள் வழக்கப்படி எல்லாரிடமும் கேட்டார்: இந்த மனிதர் உங்களில் யாருக்காவது, தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால், அவருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே பெண்களோடு ஜன்னலருகில் இருந்தேன். வெளியே எல்லாரும் முணுமுணுவென்று, பொறுத்தோம், பொறுத்தோம் என்றார்கள்.

அந்த முணுமுணுப்புக்கு நடுவில் ஒரு குரல், ஆட்டோ ஹாரனுக்கு எதிராகக் கத்துகிற குரல், எழுந்தது.

"அவரு ஒண்ணும் செய்யல. நாந்தான் செஞ்சேன்."

உஸ்தாத் குரல் வந்த பக்கம் திரும்பினார். அப்படி ஒரு பதிலை அவர் கேட்டிருக்கமாட்டார். பிறகு, "வாங்க, பிடிங்க" என்று அண்ணாச்சியை முன்னால் கூப்பிட்டார்.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிய நாலு பேரில் அண்ணாச்சிதான் குள்ளம். அவர் மூலை சரிந்தது. உயரமான ஆள் யாராவது மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தார்களாம், அவர் தோளை எடுக்கவில்லை. எதிர்மூலையில் பிடித்திருந்த என் அண்ணன் பிறகு சொன்னான்: பள்ளிவாசல் வாசல் வரைக்கும், அந்தத் தண்ணீரில், அண்ணாச்சி குதிகால் தரையில் படாமலே நடந்துவந்தாராம்.